அரைப் பேர் விழுந்த வெள்ளிக்கிழமை

கருங்கல்மலைத் தோட்டம்,
தலவாக்கலை.
16.3.1955

அன்பு மகள் அழகம்மாவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் இருமல் ஒன்றைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, துறையூரில் நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் சுகமாக இருக்க மாரியாத்தா கண் பார்க்கட்டும். உன் கடிதம் கிடைத்தது. அந்த நாட்டுப் பிரஜை ஆகத்தான் வேண்டுமா, பட்ட அவமானம் போதாதா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடு என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனசோடுதான் எழுதினாய், தெரியும். ஆனால் நான் வரமாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் படி.

பிரஜாவுரிமை விசாரணைக்குத் தை மாதம் நுவரெலியாவுக்குப் போனோம் அல்லவா. உன் அப்பாவை ஒரு மணி நேரம் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். பிறகு விசாரணை ஐயா என் பக்கம் திரும்பி, நீ பிறந்த தேதி என்ன என்றார். தேதிக்கு நான் எங்கே போக? பெரிய சண்டை தொடங்கின வருசம், மாசி முடிஞ்சு பங்குனி பொறக்கிற சமயம், அஞ்சாம் நம்பர் மலையில காலைக் கொழுந்தைத் தராசுல நிறுத்த பொறகுங்க என்று, உன் அம்மாயி எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். மொழிபெயர்க்கிறவன் அதைச் சொன்னதும் அறை முழுக்க ஒரே சிரிப்பு. தேதி தெரியாதவள் இங்கேதான் பிறந்தாள் என்று எப்படி நம்புவது, மனைவி பக்கம் சரியில்லை என்றால் புருஷன் மனுவும் நிற்காது, மார்ச் 28ஆம் தேதி அத்தாட்சியோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். லயத்து வீட்டுக்கு வந்தால் அதைவிட மோசம். அடுத்த காம்பராவில் குடியிருக்கும் வேலாயி பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்று, பாவம் பழனியாண்டி அண்ணன், பொண்டாட்டியால அவரு காகிதமும் கெட்டுப்போச்சு என்று ஊருக்கே கேட்கச் சொல்கிறாள். உன் அப்பா மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்துத்தான் நான் ஒளிந்து ஒளிந்து அழுதேன்.

அந்த மனுஷன் சும்மா இருக்கவில்லையடி. தேயிலை ஃபாக்டரி மேல்மாடியில் தினம் பேர் போடுகிற பழைய செக்ரோல் புத்தகங்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. சின்னக் கிளாக்கர் கணேசமூர்த்தி தம்பியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போய், மூன்று ஞாயிற்றுக்கிழமை தூசிக்குள்ளே உட்கார்ந்து, 1914ஆம் வருஷத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்துவிட்டார். இருமல் வந்ததும் அதனால்தான். நாள் முழுக்க வேலை செய்தால் முழுப் பேர், பாதியில் போனால் அரைப் பேர், உனக்குத் தெரியாததா? உன் அம்மாயி ராக்காயிக்கு மார்ச் 13, வெள்ளிக்கிழமை அரைப் பேர் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று வாரம் பேரே இல்லை. காலைக் கொழுந்து நிறுத்த பிறகு பிறந்தேன் என்று நான் சொன்னது பொய்யா? அவர் வந்து சொன்னதும் நான் ஓவென்று அழுதுவிட்டேன். நாற்பத்தொரு வயசில் எனக்கு ஒரு பிறந்த நாள் வந்திருக்கிறது.

போன ஞாயிறு அதே 13ஆம் தேதி. துரை பங்களா பிள்ளைகளுக்கு மட்டுந்தான் பிறந்த நாள் கேக்கா, இவளுக்கும் உண்டு என்று உன் அப்பா கிளம்பிவிட்டார். பங்களாவில் சமைக்கிற அப்புவிடம் வாய்க்கணக்காகப் பக்குவம் கேட்டு, மக்பூல் நானா கடையில் பட்டரும் சீனியும் வாங்கி, மண்ணெண்ணெய் டின்னுக்குள் மணல் பரப்பி, மாவுத் தட்டை அதில் இறக்கி, மேலேயும் கீழேயும் தணல் போட்டார். இருபது வருஷமாக ஃபாக்டரி டிரையர் பக்கத்தில் நின்று மணத்தை வைத்தே தேயிலைப் பதம் சொல்கிறவர் அல்லவா, மூக்கை டின் மேலேயே வைத்துக்கொண்டு, இன்னும் பச்சை வாடை போகல, கிட்ட வராதே என்று என்னை அதட்டுகிறார், என் அடுப்படியில்! கேக் ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் அமுங்கி, மேலே கொஞ்சம் தீய்ந்து வந்தது. ஆனால் ருசி இருக்கிறதே, அடியே, அந்தப் பங்களா துரைசாணிக்குக்கூட அப்படிக் கிடைத்திருக்காது. பன்னிரண்டு காம்பராக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தி, எல்லார் முன்னாலும் முதல் துண்டை என் வாயில் ஊட்டினார். வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். வேலாயிக்குப் பெரிய துண்டாகப் பார்த்துக் கொடுத்து, நல்லாச் சாப்பிடு தங்கச்சி, இன்னிக்கு என்னா நாளுன்னு எவனாச்சும் கேட்டா நீதான் சொல்லணும் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு தின்றாள், இரண்டாவது துண்டும் கேட்டாள்.

கணேசமூர்த்தி தம்பி அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதித் தோட்டத்துத் துரையின் கையெழுத்துக்கு வைத்திருக்கிறார். துரை இன்னும் போடவில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் 28ஆம் தேதி நான் போவேன். சிரித்தார்களே, அதே அறையில் நின்று தேதியைச் சொல்வேன். நம்பாவிட்டால் மறுபடியும் மனுப் போடுவோம். உன் ஊருக்குப் போ என்றால், அது அஞ்சாம் நம்பர் மலை, எங்கள் லயத்திலிருந்து அரை மைல் ஏற்றம், தினமும் கூடையோடு போய் வருகிறேன் என்று சொல்வேன். எனக்கு என்ன பயம்?

உனக்கு இது ஏழாம் மாதம். கனமான குடம் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் பிள்ளையோடு நூறு வயசு நிறைவாக வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. பிள்ளை பிறந்ததும் மாப்பிள்ளையை அனுப்பித் தேதியைப் பதிந்து, அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொள். என் பேரப்பிள்ளையைப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாது.

இப்படிக்கு,
1914 மார்ச் 13, வெள்ளிக்கிழமை, கருங்கல்மலைத் தோட்டம் அஞ்சாம் நம்பர் மலையில் பிறந்த
உன் அம்மா
பேச்சியம்மா