அம்மாவின் பத்து ஸ்லைடு

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி நேற்று முதல் சிறப்பு விருந்தினராகப் பொறுப்பேற்றிருக்கிறது, இனி வாயில் நுரையோடு யாரும் அதன் முன் நிற்கக் கூடாது, அம்மாவின் உத்தரவு. நாங்கள் சுகம் என்று எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன், பாதியை மட்டும் நம்பு. நீ சுகமா, குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா என்று கேட்கிறாள். இஸ்திரி மெஷினின் ஆவி பட்டு அவள் வலது மணிக்கட்டில் கட்டு, பயப்படாதே, ஆறி வருகிறது, அதனால் அவள் சொல்லச் சொல்ல எழுதுபவன் உன் தம்பி, நடுவில் நுழைந்து வாயடிப்பவனும் அவனே. போனில் சொன்னால் அவள் குரலைக் கேட்டு நீ கலங்கிவிடுவாயாம், முக்கியமான சங்கதி காகிதத்தில்தான் இருக்க வேண்டுமாம். முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன்.

சங்கதி இதுதான். அம்மா மேற்பார்வை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை மூடிவிட்டுத் துணிகளை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்களாம். ஏன் மூடக் கூடாது என்று வரும் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு முன்னால் அம்மா பத்து நிமிடம் ப்ரசென்டேஷன் கொடுக்க வேண்டும், அவளோடு சேர்த்துப் பதினோரு பேர் வேலை அதில் தொங்குகிறது. அழைப்பில் ‘பத்து ஸ்லைடுகளுடன் வரவும்’ என்று இருந்திருக்கிறது. அம்மா நேரே ஃபேன்சி ஸ்டோருக்குப் போய், தலையில் குத்துகிற கறுப்பு ஸ்லைடு பத்து உள்ள அட்டை ஒன்றை வாங்கி, மேலாளருடைய உதவியாளரின் மேஜையில் வைத்து, “பத்தும் இருக்கு, எண்ணிப் பாத்துக்கங்க, ஒரு முடி பறக்காம வந்து நிப்போம்” என்று சொல்லியிருக்கிறாள். சுத்தம் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்துவிட்டாள் பாவம். அந்த மாடியே சிரித்ததாம். நானும்தான் சிரித்தேன், ஸ்லைடு என்றாலே சறுக்கல்தானேம்மா என்றேன், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து ஒத்திகையில் மூன்றாவது வாக்கியம் வந்ததும் அவள் பேச்சு நின்றுவிடுகிறது. “ஆபரேஷன் துணி எங்ககிட்ட நாலு மணி நேரத்துல திரும்பும்” என்பது முதல், “வெளிய குடுத்தா ரெண்டு நாள்” என்பது இரண்டாவது, அதற்கு மேல் வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்புதான் காதில் விழுகிறதாம். சொல்ல விஷயமா இல்லை? ஒவ்வொரு விரிப்பையும் கையால் தடவிப் பார்க்கிறவள், போன மாதம் மட்டும் நோயாளிகள் மறந்துவிட்ட மூன்று செட் பல், ஒரு காது மெஷின், யாரையாவது குத்தியிருக்க வேண்டிய ஊசிகள் இரண்டு, எல்லாம் மீட்டிருக்கிறாள். பேச்சு வராவிட்டால் பல்லைக் காட்டிவிடு, செட்டாகவே இருக்கிறதே என்றேன். வழக்கமாக முதுகில் ஒன்று விழும், விழவில்லை, அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நேற்று குளியலறைக் கண்ணாடி முன் பார்த்த ஒத்திகையும் பாதியில் நின்றுவிட்டது, தண்ணீர்ச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது, எட்டிப் பார்த்தால் குழாயைத் திறந்துவிட்டு ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், அழுவது எனக்குக் கேட்கக் கூடாதாம். இதை எழுதாதே என்கிறாள், எழுதிவிட்டேன்.

உதவி மேலாளர் “நீங்க சிரமப்படாதீங்கம்மா, உங்களுக்குப் பதிலா நான் படிச்சிடறேன்” என்று தேன் தடவினார், அந்த வெளிக் கம்பெனிக்காரரோடு தினம் டீ குடிப்பவர் அவர்தான். அம்மா சரி என்று சொல்லும் நிலையில் இருந்தாள், நான்தான் தடுத்தேன், பள்ளியில் ப்ரசென்டேஷன் கொடுத்துக் கைத்தட்டல் வாங்கியவன் வீட்டிலேயே இருக்கும்போது உனக்கென்ன கவலை என்றேன். அவர் படிக்க வேண்டாம் என்று என்னையே எழுதவைத்துக் கொடுத்துவிட்டாள். ஸ்லைடு பத்தும் நானே செய்துவிட்டேன், எழுத்தெல்லாம் பறந்து வந்து உட்காரும், பிரமாதம். ஆனால் ஒவ்வொரு தடவை பேச்சு நிற்கும்போதும் “உனக்கு நடுவுல நின்னு போனா என்னடா பண்ணுவ, அதை மட்டும் சொல்லு” என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். மூச்சை இழு, நெற்றியைப் பார் என்று அளந்துகொண்டிருக்கிறேன். இன்னும் மூன்று நாள்தான்.

உனக்குச் சொல்லச் சொன்னவை: ஒரு வேளையாவது சூடாகச் சாப்பிடு. வேலையிடத்தில் ஒரு சொல் புரியாவிட்டால் அப்போதே கேட்டுவிடு, “கேக்க வெக்கப்பட்டு என்னை மாதிரி நிக்காத கண்ணு”. நீ கால் வைக்கும் இடமெல்லாம் உனக்கு நல்லதாகவே அமையட்டும், அம்மாவின் ஆசி எப்போதும் உன் தலைமேல். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கிருந்தாலும் ஒரு நிமிடம் அவளை நினைத்துக்கொள், மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(இடது கையால் போட்ட கையெழுத்து, கோழி கிளறியதல்ல)

அக்கா, அம்மா துணி உலர்த்தப் போயிருக்கிறாள், இது அவளுக்குத் தெரியாது. இன்றைக்கே அவளைக் கூப்பிடு, நடுவில் நின்றுபோனால் என்ன செய்வதென்று நீ சொல்லு, நான் கேட்டதாகச் சொல்லாதே. எனக்கு அது தெரியாது. அன்று பள்ளியில் நானும் இரண்டு வாக்கியம்தான் பேசினேன், அப்புறம் வெளியே ஓடி, சைக்கிள்களுக்கு நடுவே ஒளிந்து நின்றேன். கைத்தட்டல் மட்டும் நிஜம். மணி அடித்த பிறகு பையை எடுக்க வகுப்புக்குள் தலையை நீட்டினேன், அப்போது தட்டினார்கள்.