கொட்டிய உப்புத் தண்ணீர்

மாமாவுக்கு,

போனில் பேசினால் பலகைச் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டில் உங்கள் அக்காவுக்குக் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். நம் மகள் பூவிழி இப்போது நலம்.

திங்கட்கிழமை அவளுக்கு வயிற்றுப்போக்கு. ரிங்லெட் டவுன் கிளினிக்கில் நர்ஸ் உப்புப் பொட்டலம் தந்து, ஒவ்வொரு தடவை போனதும் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடு, பாலையும் கஞ்சியையும் நிறுத்தாதே என்றார்.

கரைத்து வைத்து, பிள்ளையை உங்கள் அக்காவிடம் விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனேன். மதியம் வந்தால் குவளை காலி.

"எல்லாத்தையும் குடிச்சிட்டா லா" என்றார் உங்கள் அக்கா.

பிள்ளையின் நாக்கு வறண்டிருந்தது. காலையிலிருந்து சிறுநீரும் போகவில்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது. அன்று மாலை முழுக்க நானே ஊட்டினேன், கொஞ்சம் தெளிந்தாள்.

மறுநாள் கங்காணியிடம் தலைவலி என்று சொல்லிப் பத்து மணிக்கே திரும்பினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், உங்கள் அக்கா குவளையைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணி?" என்று கத்திவிட்டேன்.

"என் மகனுக்கும் இப்படித்தான் போச்சு. மூணு நாளு தண்ணியே காட்டல. அப்புறம் இதைக் கரைச்சுக் குடுத்தேன். குடிச்சான். அன்னிக்கே போயிட்டான்."

அவனைக் கொன்றது தண்ணீர் இல்லை, அந்த மூன்று நாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையை மடியில் போட்டு ஊட்டினேன். வாந்தி எடுத்தாள். பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஊட்டினேன். மூன்று மணிக்குச் சிறுநீர் போய் என் கைலியை நனைத்தாள். உங்கள் அக்கா அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்து அழுதார்.

அவருக்கு ஒரு மகன் இருந்ததை இத்தனை வருடத்தில் நீங்கள் சொல்லவே இல்லை. வேலைக்காக ஜொகூருக்குப் போகும்போது, பிள்ளையை அவரிடமே விடச் சொன்னவரும் நீங்கள்தான். இன்னும் என்னென்ன சொல்லாமல் வைத்திருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா