மீன் கண்வில்லை ஊசியும் என் மனைவியின் வலக்கண்ணும்

அனுப்புநர்:
ஹபீபுர் ரஹ்மான்,
தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவன்,
மயிலாப்பூர், சென்னை.

பெறுநர்:
மருத்துவ இலாகா மேலதிகாரி அவர்கள்,
சென்னை மாகாணம்.

பொருள்: தேனாம்பேட்டைத் தனியார் டிஸ்பென்சரி ஒன்றில் கண்புரைக்கு மீன் கண்வில்லைச் சாறு ஊசி போடுவதைத் தடுக்கவும், என் மனைவி சகினாவின் வலக்கண்ணைப் பெரிய சர்ஜன் பார்க்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சகினாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கத்திக்குப் பயந்தவள். அறுக்காமலே புரையைக் கரைப்பதாகச் சொன்ன டாக்டரிடம் போனோம். மாட்டுக் கண்ணின் வில்லையை அரைத்து வடித்த சாற்றைக் கையில் ஊசியாகப் போடுவது அவர் முறை. குணமும் இல்லை, கெடுதலும் இல்லை.

2. திடீரென்று ஒருநாள் ஊசிக்குப் பின் இடக்கண் சிவந்து வீங்கியது. "போகப் போகச் சரியாகும்" என்று மேலும் போட்டார். அந்தக் கண் அணைந்துவிட்டது.

3. காரணம் கடைத்தெருவில் தெரிந்தது. நான் வாங்கப்போன மீன் தலைகளில் கண்ணே இல்லை. ஊரூர் குப்பத்து மீன்காரி வசந்தி சிரித்துக்கொண்டே, "கண்ணெல்லாம் தேனாம்பேட்டை டாக்டரு வாங்கிக்கினு போறாரு பாய், உனக்குத் தலை போதாதா?" என்றாள். விசாரித்தேன். மாட்டுச் சாறு என்றறிந்து இந்து நோயாளிகள் நின்றுவிட்டதால் டாக்டர் எல்லோருக்கும் மீனுக்கு மாறியிருக்கிறார். மாட்டிறைச்சி உண்ணும் எங்கள் வீட்டுக்கு அந்த மாற்றம் எதற்கு? ஒரு வார்த்தை கேட்டாரா?

4. நான் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவன் அல்ல. பத்திரிகைகளைப் படித்துத் தெரிந்துகொண்டவன். கண்வில்லையில் இருப்பது ஒரே பொருள் அல்ல. ஒன்றுக்கொன்று உறவான பல புரோட்டீன்கள். அண்ணன் தம்பிகள் போல ஒரு சாயல், ஆனால் கட்டுமானம் வேறு. எந்தப் பிராணிக்கு எது அதிகம் என்பதும் வேறு. நம்பாமல் நானே இரண்டையும் வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தேன். மாட்டு வில்லை வெண்ணெய் போலக் குழைந்து உப்பு நீரில் கலங்கியது. மீன் வில்லையின் நடுப்பகுதி குண்டுமணியாக அப்படியே கிடந்தது. மாட்டுச் சாற்றைத் தாங்கிய உடம்பு மீன் சாற்றையும் தாங்கும் என்று எப்படிச் சொல்வது?

5. அந்த இரண்டு வில்லைகளையும் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் உள்ளே விடவில்லை. கம்பவுண்டர் பாண்டுரங்கன், "இன்னா பாய், கண்ணுன்னா கண்ணுதானே! மாட்டுக்கு ஒரு சாத்திரம், மீனுக்கு ஒரு சாத்திரமா?" என்று நோயாளிகள் முன்னால் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் ஊசிக்குக் காத்திருந்தவர்கள்.

6. சர்க்கார் ஆஸ்பத்திரியில், இடக்கண்ணின் அழற்சி வலக்கண்ணுக்கும் வருகிறது, இந்நிலையில் கத்தி வைக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் போனேன், மறுபடியும் அனுப்பினார்கள். சின்ன டாக்டர்கள் பார்த்ததோடு சரி. வலக்கண்ணுக்கு இன்னும் விளக்கு எங்கே என்று தெரிகிறது. நேற்றைவிட இன்று விளக்கை மேலும் அருகே பிடிக்கச் சொல்கிறாள்.

ஆகையால், அந்த ஊசியை உடனே நிறுத்த உத்தரவிட வேண்டும். அந்த ஒரு கண்ணைப் பெரிய சர்ஜன் தம் கையால் ஒருமுறை சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய நம்பிக்கை எனக்கில்லை. முடியாது என்பதே முடிவானால், அதைத் தாங்களே எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். அவளிடம் அதை வாசித்துக் காட்டுகிறேன். நானாக அவளிடம் "இல்லை" என்று சொல்லமாட்டேன்.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஹபீபுர் ரஹ்மான் (ஒப்பம்)

இடம்: மயிலாப்பூர்
தேதி: 14 ஆகஸ்ட் 1934