உப்பு பூத்த சோலார் தகடு

சித்திரை 28, செவ்வாய்

எங்கள் உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் சோலார் மோட்டார் இன்று பட்டப்பகலில் திணறி நின்றுவிட்டது.

"நாளைக்கு இத திருப்பிக் குடுத்துட்டு டீசல் இஞ்சினையே ஓட்றேன்," என்றார் அப்பா. அந்தப் புகையில் ராத்திரியெல்லாம் இருமுவது அம்மா.

தகட்டை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

"எதுலப்பா கழுவுன?"

"பாத்தித் தண்ணிலதான். இங்க வேற தண்ணி ஏது?"

"அதான் மேலயும் உப்பு வெளைஞ்சிருக்குது. வாரிடலாமா?"

அடிக்கக் கை ஓங்கினார். நான் குடிக்க வைத்திருந்த இரண்டு குடத்தையும் தகட்டில் ஊற்றித் துடைத்தேன். மோட்டார் ஓடியது.

"நாடே வெயிலுக்கு மாறுது. நாம புகைக்குப் போவணுமா?" என்றேன்.

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. தெனம் ரெண்டு கொடம் நல்ல தண்ணி எவடி கொண்டாருவா?"

"நான்தான்."

குழாயடி ரொம்ப தூரம். இடுப்பு ஒடியும். ஒடியட்டும்.

அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகிறார். டீசல் இஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் என் பாய்க்கு அடியில் இருக்கிறது. முதுகில் குத்துகிறது. நான் நகரப்போவதில்லை.