கன்னத்தில் மை வைத்த பொம்மை

இரும்புலியூர்
14-11-1971

கர்த்தருக்குள் பிரியமான மகன் தனசிங்குக்கு அப்பா எழுதுவது. அவர் கிருபையால் நானும் அம்மாவும் உன் மனைவி ஹில்டாவும் சுகம், ஹாம்பர்க் குளிரில் நீயும் சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மழையில் பின்சுவர் ஊறிவிட்டது, பள்ளிக்கரணைப் பக்கம் ரோடே தெரியவில்லையாம். அதெல்லாம் இருக்கட்டும், நீ ஜூனில் கப்பலில் போட்ட பார்சல் போன வாரம்தான் வந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று நீ ஆசையாக அனுப்பியது, பிள்ளை ஜூலையில் உயிரில்லாமல் பிறந்து, உனக்குத் தந்தி கொடுத்து, எல்லாம் முடிந்து நான்கு மாதம் கழித்து வந்து நிற்கிறது. ஹில்டா பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்தாள். அவள் கண்ணில் படாமல் பரண்மேல் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போனாள், நானும் சரி என்றுதான் சொன்னேன்.

முப்பது வருஷம் ரயில்வே பார்சல் ஆபீஸில் ஊரார் பெட்டி ஒன்றைக்கூடத் திறக்காதவன், சொந்த வீட்டில் கை சும்மா இருக்கவில்லை. திறந்தேன். அடேயப்பா, நிஜப் பிள்ளை அளவில் ஒரு பொம்மை! உள்ளங்கையில் ரேகை, நகத்தடியில் ரோஜா நிறம், நெற்றியோரம் மெல்லிய பச்சை நரம்பு. படுக்க வைத்தால் கண் மூடுகிறது, தூக்கினால் வயிற்றுக்குள்ளிருந்து குவா என்று ஒரு சத்தம். எந்தப் புண்ணியவான் செய்தானோ, செய்து முடித்ததும் அவனுக்கே கொஞ்சம் பயம் வந்திருக்கும். நான் தூக்கியபோது என் கை தானாகவே அதன் கழுத்துக்கு அடியில் போய்விட்டது, அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பொம்மை என்று புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லையடா. கட்டிலில் கிடத்தி, துண்டு போர்த்தி, பரணை மறந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து மீன்கார முத்தாலம்மாள் வந்தாள். மகள் பிரசவத்துக்காகக் கோவளத்திலேயே தங்கிவிட்டவள், ஆறு மாதம் கழித்து அன்றுதான் இந்தப் பக்கம் வருகிறாள், கடைசியாக அவள் பார்த்தது வயிறும் பிள்ளையுமாக நின்ற ஹில்டாவை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவள் கூடையை இறக்கிவிட்டு, மீன் கையாச்சே என்று குழாயடியில் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, இன்னா பெரியவரே, பச்சப் புள்ளைக்கு ஒரு பொட்டுகூட வைக்காம குந்திகினு கீறியே, கண்ணு பட்டுடாதா என்று என்னை அதட்டி, தன் கண்ணிலிருந்தே மையை விரலில் எடுத்து அதன் கன்னத்தில் வைத்துவிட்டாள். பொம்மை என்கிற ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. திரும்பினால் வாசற்படியில் ஹில்டா, மழைக்காகப் பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்களாம். உன் மூஞ்சாட்டமே கீதும்மா என்கிறாள் முத்தாலம்மாள் அவளைப் பார்த்து.

எனக்கு உயிரே போய்விட்டது தனசிங். நான்கு மாதமாக ஹில்டா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை, குழந்தையைப் பற்றி ஒரு பேச்சுப் பேசியதில்லை, இவள் உடைந்துவிடுவாளோ என்றுதான் நானும் அம்மாவும் பயந்து கிடந்தோம். மெதுவாக வந்து அதைத் தூக்கினாள். அது குவா என்றது. இது பொம்மை முத்தாலம்மா, என் பையன் அழவே இல்லை என்றாள், சொல்லிவிட்டு அழுதாள். முத்தாலம்மாள் அவளை மடியில் சாய்த்து, அழுடி கண்ணு, அழுதுடு என்று தானும் அழுதாள். பிறகு பொம்மையை வாங்கிக் கட்டிலில் விட்டாள். பொம்மை என்று தெரிந்த பிறகும் கழுத்துக்குக் கை கொடுத்துத்தான் விட்டாள். அன்று ஹில்டா மீன் குழம்பு ஊற்றி இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

கிறிஸ்மஸ் நாடகத்தில் வருஷா வருஷம் சுருட்டிய துண்டுதான் குழந்தை இயேசு, அதனால் கோயிலிலிருந்து பொம்மையைக் கேட்டு ஆள் வந்தது. ஹில்டா கொடுக்கவில்லை, அவர் லீவில் வந்து ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டும் மாமா என்றாள். நமக்கேது இந்த வழக்கம் என்று அம்மா மையைத் துடைக்கப் போனாள், அதற்கும் விடவில்லை.

பெட்டியைத் திறந்த தப்பு என்னுடையது, மன்னித்துவிடு. உன் கடிதங்களில் குளிரும் ரொட்டியும்தான் இருக்கின்றன. நீ அழுதாயா என்று கேட்க இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை, இப்போது கேட்கிறேன். கர்த்தர் உன்னைத் தம் செட்டைக்குள் வைத்துக் காக்கட்டும். கம்பளி போடாமல் வெளியே போகாதே. ஹில்டாவுக்குத் தனியாக, அவனைப் பற்றி, நாலு வரியாவது எழுது. லீவில் வந்ததும் அவனை, அதை, ஒரு தடவை தூக்கிப் பார். உன் கையும் கழுத்துக்கு அடியில்தான் போகும். அப்போது நான் பக்கத்தில் இருப்பேன்.

அன்புள்ள அப்பா,
ஞானையா