எண்பதில் நிறுத்திய பேட்டரி

அன்பு மகளுக்கு, அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் அம்மா ஜன்னலுக்கு அந்தப் பக்கமே படுத்திருக்கிறாள், தொண்டையில்தான் ஆபரேஷன், காது இன்னும் பாம்புச் செவிதான். அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ விட்டுப்போன லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு அதிலேயே இதைத் தட்டுகிறேன்.

குரல் போனதிலிருந்து அம்மா பேசுவதெல்லாம் இதில்தான். கட்டிலருகே இருக்கும் ஒரே பிளக்கை மூச்சு மிஷின் பிடித்துக்கொண்டதால் பேட்டரி நிற்கும் வரைதான் அவளுக்கு வாய். நீ சொன்னபடியே வெளிச்சத்தைக் குறைத்தேன், வைஃபை, புளூடூத் எல்லாம் அணைத்தேன், லினக்ஸில் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து பேட்டரியை மிச்சம் பிடிக்க நீ எழுத்து எழுத்தாகச் சொன்ன கட்டளையையும் அடித்தேன். நன்றாகவே தாங்கியது, அதோடு விட்டிருக்கலாம். வீணாக விளக்கு எரிந்தால் எனக்குப் பொறுக்காது, நீ குளித்துக்கொண்டிருக்கும்போதே அணைத்துவிட்டு உன்னிடம் எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் புத்தி சும்மா இருக்குமா, கொஞ்ச நேரம் கை படாவிட்டாலே லேப்டாப் தூங்கிவிடும்படி நானாகவே மாற்றிவைத்தேன். அம்மா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறவள், அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் திரை இருண்டுவிடும். பொறுத்துப் பார்த்தாள், பிறகு மூடித் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் வேறு, பேட்டரி எவ்வளவு மிச்சம் பார் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸம்மாதான் கவனித்துவிட்டு, "ஐயா, அவங்க யோசிக்கிறதுக்குள்ள இது தூங்கிடுது, என்னதான் பண்ணுவாங்க" என்றார். உடனே மாற்றினேன். அம்மா முதலில் தட்டியது இதுதான்: "நான் பேசுறது உங்களுக்கு அலுத்துப்போச்சுன்னு நெனச்சேன்." வாய் ஓயாதவள் என்று காலமெல்லாம் அவளைக் கேலி செய்தவன் நான், அழுதுவிட்டேன் கண்ணு.

நேற்று டாக்டர் தனியாக அழைத்தார். இனி வைத்தியம் என்று எதுவும் இல்லை, வீட்டுக்கும் மாற்ற வேண்டாம், வலி தெரியாமல் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம், தூரத்தில் பிள்ளை இருந்தால் வரச் சொல்லுங்கள் என்றார். கிளம்பிவிடு. முழுசாக ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் நொந்துவிடும், எண்பது சதவீதத்தில் நிறுத்தினால் பல வருஷம் உழைக்கும் என்று நீ ஒரு வரம்பு போட்டுவைத்தாய், தேவைப்பட்டால் எடுக்கவும் சொல்லித் தந்தாய். இன்று எடுத்துவிட்டேன், நூறுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அது பல வருஷம் உழைக்க வேண்டியதில்லை.

டிக்கெட் கிடைத்ததும் சொல். பதறிக்கொண்டு சாப்பிடாமல் வராதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, இங்கே வந்ததும் அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று நீயாக முடித்துவிடாதே, தட்டி முடிக்கிற வரை காத்திரு.

இப்படிக்கு,
உன் அப்பா