பெட்டிக்குள் போட்ட கொசுறு

வைகாசி 13, செவ்வாய்

வெயில் இன்னும் குறையவில்லை. கடல் காற்று மதியத்துக்கு மேல்தான்.

லேப்டாப் பெட்டி கட்டும்போது வீட்டில் இருந்தவர்கள்: நான். மருமகள் வசந்தி. மகன் சேகர். திருவொற்றியூரிலிருந்து வந்த மகள் கஸ்தூரி. பக்கத்து வீட்டு பிலோமினா, தேங்காய்த் துருவி கேட்க வந்தவள், துருவியைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுவது என் வழக்கம். பின்னால் எவளாவது நான் அங்கே இல்லை என்பாள்.

வசந்தி, ஆபீஸ்களில் கழித்த லேப்டாப்புகளை வாங்கி, பேட்டரி மாற்றித் துடைத்து, போனில் ஒரு ஆப் வழியாக விற்கிறாள். மீன்பிடித் தடைக்காலம். போட் எதுவும் போகவில்லை, சேகர் சும்மா இருக்கிறான். அடுப்பு எரிவது அவளால்தான். இந்தப் பெட்டி ஈரோட்டுப் பையனுக்கு. பெயர் கௌதம்.

மூடும் முன் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் வைத்தேன். மூன்று கவர் சுற்றி.

"அத்தே, இன்னா இது? லேப்டாப்போட கருவாடா?"

"கொசுறுடி. மீன் வித்த காலத்துல கொசுறு போடாம ஒருத்தரையும் அனுப்பினது கெடையாது."

"நாறும் அத்தே."

"நாறட்டும். எந்த வூட்லேந்து வந்துச்சுன்னு தெரியட்டும்."

சேகர் சிரித்தான். பிலோமினாவும். கஸ்தூரி சிரிக்கவில்லை. அவள் பால்பல் விழுந்த வயதிலிருந்தே அப்படி.

பெட்டியை சேகர் கல்மண்டபம் கூரியர் கடையில் கொடுத்துவிட்டு வந்தான். வரும் வழியில் முளைக்கீரை. மண் இல்லாமல் நன்றாக இருந்தது.

வைகாசி 19, திங்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை. கால் வீக்கம்.

வசந்தி போனைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த கௌதம் கம்ப்ளைண்ட் கொடுத்திருக்கிறான். பெட்டியில் லேப்டாப் இல்லையாம், டைல்ஸ் கல்தான் இருந்ததாம். போட்டோவும் அனுப்பியிருக்கிறான். எங்கள் பெட்டி, எங்கள் டேப். உள்ளே பேப்பரில் சுற்றிய தரைக்கல். சந்தன நிறம், ஓரத்தில் நீலப் பூ. எங்கள் வீட்டில் சிமெண்டுத் தரை. போட்டோவில் கருவாடு இல்லை.

விசாரித்து முடிக்கும்வரை வசந்தி எதுவும் விற்கக்கூடாது என்று ஆப்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கட்டிலின் மேல் இரண்டு பெட்டி அப்படியே கிடக்கிறது.

சாயங்காலம் கஸ்தூரி வந்தாள். சேகர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கூரியருக்கு எட்துகினு போனது யாரு?"

சேகர் குழம்பை ஊற்றிக்கொண்டான்.

"போற வழியிலதான ஒயின் ஷாப்பு கீது? லேப்டாப்ப வித்துட்டு கல்ல வச்சி ஒட்டிகீறான். கருவாட்ட சைடிஷ்ஷுக்கு வச்சிகினு கீறான்."

"வாய மூடுடி" என்றேன்.

"நான் ஏன் மூடணும்? மிக்ஸி எங்க போச்சு? வசந்தி கம்மல் எங்க போச்சு? மறந்துட்டியாம்மா?"

நான் எதையும் மறப்பவள் இல்லை. மிக்ஸி போனது உண்மை. கம்மல் போனது உண்மை. மாசி மகத்தன்று கடலில் முழுகி எழுந்து, இனிமேல் குடியைத் தொட மாட்டேன் என்று என் தலையில் கை வைத்தான். அதன் பிறகு தொடவில்லை. அதுவும் உண்மை. கஸ்தூரிக்குப் பாதிதான் ஞாபகம்.

சேகர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். வாசலில் நின்று என்னிடம் கேட்டான், "நீ இன்னாம்மா நெனைக்கிற?"

"சோத்த துன்னுட்டுப் போடா" என்றேன்.

அது பதில் இல்லை. அவனுக்கும் தெரியும். வசந்தி வாயே திறக்கவில்லை.

வைகாசி 21, புதன்

வாங்க வேண்டியது: புளி, பாமாயில், சுகர் மாத்திரை, துணி சோப்பு.

மீன் கடையில் தேசம்மா கேட்கிறாள், "இன்னாக்கா, உன் புள்ள கம்ப்யூட்டர அட்சிகினானாமே?" எடுத்த நண்டைத் திரும்பக் கூடையில் போட்டேன். வாங்காமல் வந்தேன்.

விஷயம் தெரிந்தவர்கள் ஐந்து பேர். பிலோமினாவைக் கேட்டேன். "மாதா சத்தியமா நான் வாயத் தொறக்கலக்கா." என் இட்லிப் பானை மூடியை வாங்கிப்போய், பெரிய புயல் அடித்த வருஷத்திலிருந்து திருப்பித் தராதவள். ஆனால் மாதா பேரில் பொய் சொல்ல மாட்டாள்.

அப்படியானால் கஸ்தூரி.

ஊர் பேசினால் பேசட்டும். ஆனால் சேகர் போகும் போட், கஸ்தூரியின் கொழுந்தன் மாரியுடையது. ஆனி பிறந்தால் தடை முடிந்து போட் கிளம்பும். ஆள் எடுப்பது இப்போதுதான். போனால் பல நாள் கடலில். எல்லார் போனும் பணமும் ஒரே இடத்தில் கிடக்கும். கை சுத்தமில்லை என்று பெயர் எடுத்தவனை எவனும் ஏற்ற மாட்டான். மாரி நேற்று சேகரிடம், "பாத்து சொல்றேன் மாமு" என்றானாம். இத்தனை வருஷத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்னதே இல்லை.

வைகாசி 23, வெள்ளி

எண்ணூர்ப் பக்கத்துக் காற்று. தொண்டை எரிச்சல்.

கௌதம் போனை எடுப்பதில்லை. விலாசத்தில் இன்னொரு நம்பரும் கொடுத்திருந்தான். வசந்தி குளிக்கப் போனபோது என் பட்டன் போனிலிருந்து அடித்தேன். ஒரு பொம்பளை எடுத்தாள். என் வயது இருக்கும்.

"யாருங்க?"

"மெட்ராஸ், ராயபுரம்மா. லேப்டாப்பு அனுப்பினவங்க."

"அடடே, கருவாடு வெச்சவங்களா! பையன் நாறுதுன்னு வீசப் போனானுங்க. நாந்தான் புடுங்கி வெச்சேன். கத்திரிக்காயப் போட்டுக் கொழம்பு வெச்சேன், மணல் ஒரு பொட்டு இல்லீங்க. எப்படித்தான் காய வெச்சீங்களோ!"

எனக்கு வந்தது கோபம் இல்லை. பெருமை. அந்த ஒரு நொடி பெருமைதான்.

"லேப்டாப்பு நல்லா ஓடுதாம்மா?"

"ஓடுதுங்க. நாள் முழுக்க அதுமேலயேதான் உக்காந்திருக்கான்."

வைத்துவிட்டேன். என் உப்பைத் தின்றுவிட்டு நன்றாக இருந்தது என்று சொல்கிறவளிடம், உன் பிள்ளை திருடன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வசந்தி கேட்டவுடன் அழுதாள். பிறகு ஆப்காரர்களுக்கு போன் செய்து, கருவாடு போய்ச் சேர்ந்ததே சாட்சி என்றாள். அங்கே பேசிய பெண், "சாப்பாட்டுப் பொருளை உள்ள வெச்சீங்களா? அது ரூல்ஸ் மீறல் மேடம். எழுதிக் குடுத்தா உங்க அக்கவுண்ட்டயே மூடிடுவாங்க" என்றாள்.

"கருவாட்ட சொன்னா கடை போவுது, சொல்லலேன்னா இவரு பேரு போவுது. நான் இன்னா அத்தே பண்ணுவேன்?"

கஸ்தூரிக்கும் போன் செய்து சொன்னேன். "புள்ளைக்கோசரம் நீயே கதை கட்டற" என்றாள்.

சேகர் இரண்டு நாளாக வீட்டில் சாப்பிடவில்லை. வலை பின்னுகிற இடத்திலேயே கிடக்கிறான்.

வைகாசி 25, ஞாயிறு

வரச்சொல்லி உட்கார வைத்தேன். நான், வசந்தி, சேகர், கஸ்தூரி, பிலோமினா. பெட்டி கட்டிய அன்று இருந்த அதே ஐந்து பேர். வசந்தி போனில் ஸ்பீக்கர் போட்டு அந்த ஈரோட்டு அம்மாளைக் கூப்பிட்டு, ராயபுரம் என்றேன்.

"சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா? கருவாடு இன்னும் கொஞ்சம் கெடக்குதுங்க."

கஸ்தூரி முகம் பார்த்தேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, தப்பா நெனைக்காத. பொட்டில லேப்டாப்பே வரல, டைல்ஸு கல்லுதான் வந்துச்சுன்னு உன் புள்ள கம்ப்ளைண்டு குடுத்துகீறான். இங்க என் புள்ளதான் திருடிட்டான்னு சொல்றாங்க."

போனுக்குள் எங்கேயோ குக்கர் விசில்.

"கல்லுங்களா?"

"சந்தனக் கலரு. ஓரத்துல நீலப் பூ."

"அது எங்கூட்டு பாத்ரூமுக்கு வாங்கினதுல மிச்சமுங்க." பிறகு குரல் மாறியது. "டேய் கௌதமு, இங்க வாடா." போன் கட்டாகிவிட்டது.

வசந்தி எழுந்து போய் சேகருக்குத் தட்டு வைத்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, கறி மட்டும் அள்ளி அள்ளி வைத்தாள். அவன் தலை குனிந்தே சாப்பிட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ எடுக்கலடா, எனக்குத் தெரியும்" என்றேன். ஆறு நாள் தாமதம். "ம்" என்றான்.

கஸ்தூரியிடம், "இப்பவே மாரிக்குப் போன் பண்ணி சொல்லு" என்றேன்.

"வூட்டுக்குப் போயி சொல்றேம்மா. போன்ல இன்னா பேசறது. நேர்ல சொன்னாதான் மரியாத."

நம்பினேன்.

வைகாசி 29, வியாழன்

தூறல். காயப்போட்ட மிளகாய் நனைந்தது.

கௌதம் கம்ப்ளைண்டைத் திரும்ப வாங்கிவிட்டான். கட்டில் மேல் கிடந்த பெட்டிகள் இரண்டும் கிளம்பின. இனி கட்டும்போது வசந்தி வீடியோ எடுப்பாளாம். கருவாடு கூடாதாம். சரி என்றேன்.

ஈரோட்டம்மாள் கூப்பிட்டாள். "மிச்சக் கருவாடு தொண்டையில எறங்கலீங்க. திருப்பி அனுப்பட்டுங்களா?"

"கொசுறைத் திருப்பி வாங்கறது எங்க வழக்கம் கெடையாது. துன்னு."

அழுதாள். நானும் கொஞ்சம்.

மாரியிடம் சொன்னாயா என்று கஸ்தூரியைக் கேட்டேன். "சொல்றேம்மா, சொல்றேன்."

ஆனி 1, ஞாயிறு

விடியும்போதே காசிமேட்டில் பட்டாசு. போட்களுக்கெல்லாம் மாலை, கற்பூரம். சேகர் பையில் போர்வை, இரண்டு லுங்கி, சட்டை. நான் ஊறுகாய் பாட்டில் வைத்தேன். விபூதி பூசி அனுப்பினேன்.

இட்லி ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டான். பையை மூலையில் வைத்தான். மாரி, கத்திவாக்கத்து ஆள் ஒருவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். "எனக்கு யாரும் எதுவும் சொல்லலியே மாமு. தெரிஞ்சிருந்தா உன்ன வுட்டுட்டுப் போவேனா" என்றானாம்.

கஸ்தூரிக்குப் போன் அடித்தேன்.

"அய்யோ, மறந்தே பூட்டேம்மா. சரி வுடு, அடுத்த வாட்டி போவட்டும். நான் இன்னா வேணும்னா சொன்னேன்? தமாஷுக்குத்தான."

மிக்ஸியை மறக்கவில்லை. கம்மலை மறக்கவில்லை.

சேகர் பையைப் பிரிக்கவில்லை. ஊறுகாய் பாட்டில் அதற்குள்ளேயே இருக்கிறது. வசந்தி அவனைப் பெட்டி கட்டக் கூப்பிட்டாள், போய் உட்கார்ந்திருக்கிறான்.

கௌதமை அவன் அம்மா பார்த்துக்கொள்வாள். ஆப்பில் பேசிய பெண்ணுக்கு அது வேலை. தேசம்மாவுக்கு வாய் அப்படி. பிலோமினா மூடியைக் கூட விட்டுவிடுகிறேன். எல்லாரையும் விட்டுவிடுகிறேன், ஒருத்தியைத் தவிர. என் வயிற்றில் பிறந்தவள். கஸ்தூரி.